ஸ்டார் டிரெக் மறுதொடக்கம்: ரசிகர்களின் கோபம் எதன் மீது?

விண்கலவாசி எழுதியது:

ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கி 2009 மே மாதம் வெளிவந்த, பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் புதிய நடிகர்களோடு முதலிலிருந்து தொடங்கிய ஸ்டார் டிரெக் திரைப்படத்தைப் பற்றி இங்கே ஏற்கெனவே பல இழைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, பழைய ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது என்ற தீர்ப்பில் போய் முடிந்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை என்பதால் தனி இழையாக இதைத் தொடங்குகிறேன்.

ஸ்டார் டிரெக் ரசிகர்கள் மாற்றத்துக்குப் பழகியவர்கள். 1966 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே அது ஒருமுறை கலைக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்டது. ஜீன் ராடன்பெரி முதலில் எடுத்துக் கொடுத்த முன்னோட்டப் பகுதியில் கலத்தின் தலைவராக இருந்தவர் பைக். தொலைக்காட்சி நிறுவனம் அதை நிராகரித்து வேறொன்று எடுத்துவரச் சொன்ன பிறகே கிர்க் வந்தார். முதல் குழுவிலிருந்து மிஞ்சிய பாத்திரம் வல்கன் கோளைச் சேர்ந்த ஸ்பாக் மட்டுமே. 1979இல் முதல் திரைப்படம் வந்தபோது கலத்தின் தோற்றம் மாறியது, சீருடை மாறியது, கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தவரின் நெற்றியில் எந்த விளக்கமும் இல்லாமல் மேடு முளைத்தது. 1987இல் கிர்க்கும் ஸ்பாக்கும் இல்லாத ஒரு புதிய குழுவோடு அடுத்த தொடர் தொடங்கியபோது, வழுக்கைத் தலைத் தலைவரான பிக்கார்டைப் பார்த்து முகம் சுளித்தவர்களே சில ஆண்டுகளில் பிக்கார்டா கிர்க்கா என்று மணிக்கணக்கில் வாதாடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

2009 படமோ பழையதை அழிக்கவும் இல்லை. எதிர்காலத்திலிருந்து வந்த, ரோமுலன்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தவரின் கலம் ஒன்று கிர்க் பிறக்கும் நாளிலேயே அவருடைய தந்தையைக் கொன்றுவிடுவதால் அந்தக் கணத்திலிருந்து வேறொரு காலக்கோடு கிளைக்கிறது என்றும், நாம் பார்த்த பழைய கதைகள் யாவும் அவற்றின் காலக்கோட்டில் அப்படியே இருக்கின்றன என்றும் படமே சொல்லிவிடுகிறது. அதற்குச் சான்றாக லெனர்ட் நிமோயை, பழைய ஸ்பாக்காகவே, கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு மறுதொடக்கம் இதைவிடப் பணிவாக மூத்தவர்களிடம் அனுமதி கேட்க முடியாது. இருந்தும் கோபம் வந்தது.

என் கருத்து இதுதான். பழைய தொடரில் ஒரு முடிவு எடுக்கப்படுவதற்கு முன் அதைப் பற்றி மனிதர்கள் உட்கார்ந்து வாதிடுவார்கள். 1966 டிசம்பரில் ஒளிபரப்பான, ரோமுலன்கள் முதன்முதலாகத் தோன்றும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக் காவல் நிலையங்களை அழித்துவிட்டுத் தப்பியோடும் ரோமுலன் கலத்தைத் தாக்குவதா விடுவதா என்று ஆலோசனை அறையில் பேச்சு நடக்கிறது. ரோமுலன்களுக்கும் ஸ்பாக்கைப் போலவே கூர்மையான காதுகள் இருப்பதால் அவரையே சந்தேகிக்கும் ஓர் இளம் அதிகாரி தாக்க வேண்டும் என்கிறார். அந்த அதிகாரியின் கருத்தை ஆதரித்துப் பேசுபவர் யார் என்றால், ஸ்பாக்! ரோமுலன்கள் வல்கன்களின் ஒரு கிளை என்றால் அவர்களிடம் பலவீனத்தைக் காட்டக் கூடாது என்பது அவருடைய தர்க்கம். போர் ஒருபோதும் கட்டாயம் ஆகாது என்று எதிர்த்து நிற்பவர் மருத்துவர் மெக்காய். கிர்க் இருவரையும் கேட்டுவிட்டுத் தாக்குவது என்று முடிவெடுக்கிறார்; பின்னர் தம் அறையில் அந்த முடிவைப் பற்றித் தாமே ஐயப்படுகிறார். அந்த ரோமுலன் தளபதியும் மதிக்கத் தக்க மனிதராகவே வருகிறார். இதற்கு எதிரே 2009 படத்தின் ரோமுலனான நீரோவை வைத்துப் பாருங்கள். கத்துகிறார், ஒரு கோளைக் கருந்துளை விழுங்க வைக்கிறார், சாகிறார்.

முகங்கள் மாறியதை நாங்கள் மன்னித்துவிட்டோம். அந்த அறை காணாமல் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

செங்காங் செல்வி எழுதியது:

விண்கலவாசி அண்ணன் வழக்கம்போல் நன்றாக எழுதியிருக்கிறார், வழக்கம்போல் எனக்கு உடன்பாடில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது லிடோ திரையரங்கில் அந்த 2009 படத்தைப் பார்த்துத்தான் ஸ்டார் டிரெக்குக்குள் வந்தேன். அதற்கு முன் கூர்மையான காதுள்ளவர் பெயர் ஸ்பாக் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் படம் இல்லாவிட்டால் பழைய தொடரின் 79 பகுதிகளையும் தேடிப் பார்த்திருக்க மாட்டேன். ஆகவே "நாங்கள்" என்று நீங்கள் எழுதும்போது அதில் நானும் இருக்கிறேனா என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

இரண்டாவதாக, அந்தப் படத்தில் வாதம் இல்லை என்பது சரியன்று. வல்கன் கோள் அழிந்த பிறகு கலத்தின் மேடையில் ஒரு வாதம் நடக்கிறது. மற்றக் கலங்களோடு போய்ச் சேர்ந்து வலிமையைத் திரட்ட வேண்டும் என்பது ஸ்பாக்கின் நிலை. அதற்குள் பூமி அழிந்துவிடும், ஆகவே இப்போதே நீரோவைத் துரத்த வேண்டும் என்பது கிர்க்கின் நிலை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. வாதம் முற்றி, கிர்க்கின் கழுத்து நரம்பைப் பிடித்து மயக்கமுறச் செய்து, பனி மூடிய ஒரு கோளில் இறக்கிவிடுவதில் முடிகிறது என்பது வேறு விஷயம். வாதங்கள் அப்படியும் முடிவதுண்டு. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பாளர் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அதைவிட முக்கியமானது இறுதிக் காட்சி. நீரோவின் கலம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. கிர்க் உதவி தருவதாக அறிவிக்கிறார். ஸ்பாக் அருகில் வந்து, என்ன செய்கிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்கிறார். இரக்கம் காட்டுவதே ரோமுலன்களோடு சமாதானத்துக்கு வழி, இது தர்க்கம்தானே, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன் என்கிறார் கிர்க். இந்த முறை பிடிக்கவில்லை என்கிறார் ஸ்பாக். தாயையும், அறுநூறு கோடி வல்கன்களையும், பிறந்த கோளையும் இழந்து நிற்கும் ஒருவர் அப்படிச் சொல்கிறார். நீங்கள் குறிப்பிட்ட 1966ஆம் ஆண்டுப் பகுதியின் அதே கேள்விதான் இது: ரோமுலனுக்கு இரக்கம் காட்டுவதா? அதிலும் ஸ்பாக் கடுமையின் பக்கம்தான் நிற்கிறார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் அது இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய தொடரில் அவர்கள் அவ்வளவு பேசியதற்கு ஒரு காரணம், பேச்சு மலிவானது என்பதுதான். ஒரு மேசை, ஆறு நாற்காலிகள், சுவரில் ஒரு திரை போதும். பணம் இருந்திருந்தால் அவர்களும் கோளை வெடிக்க வைத்திருப்பார்கள்.

பழைய நாடா எழுதியது:

செல்வியின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அதில் உண்மை இருக்கிறது. ரப்பர் பல்லி வேடமிட்ட ஒருவரோடு கிர்க் பாறைகளுக்கிடையே மல்லுக்கட்டும் பகுதியும் அதே பழைய தொடரில்தான் இருக்கிறது என்பதை, அதைத் தத்துவ மன்றம்போல் நினைவுகூர்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்துப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகக் காலத்தில் தொலைக்காட்சியில் தவறவிட்டதை அக்கம்பக்கத்துக் கடையில் தேடி எடுப்போம். நாடாவின் நடுவில் கோடு கோடாக ஓடும் இடத்தில் ஸ்பாக் என்ன சொன்னார் என்று ஊகித்துக்கொள்வோம். அந்த நாடாக்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்தது 1982ஆம் ஆண்டுத் திரைப்படம். பழைய தொடரின் வில்லன் கான் திரும்பி வருகிறாரே, அந்தப் படம். அதை இயக்கிய நிக்கலஸ் மேயர், ஸ்டார் டிரெக்கின் ரசிகராக வந்து சேர்ந்தவர் அல்லர். பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர்க் கதையாகவே அதைக் கட்டினார். விவாத அறை அதிலும் பெரிதாக இல்லை. ஆனால் ஸ்டார் டிரெக் படங்களில் எது சிறந்தது என்று கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். எனவே அறை காணாமல் போனதுதான் குற்றம் என்ற விண்கலவாசியின் வாதம் அங்கேயே உடைகிறது. தொலைக்காட்சித் தொடருக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. திரைப்படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

என் புகார் வேறு. படத்தின் பாதிவரை கிர்க் ஒரு பயிற்சி மாணவர், அதுவும் தேர்வில் ஏமாற்றியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டவர். படம் முடியும்போது கூட்டமைப்பின் முதன்மைக் கலத்துக்கு அவர் தலைவர். தேசிய சேவையில் இருந்த எவரும் இதைப் பார்த்துவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியாது. சாஃப்டி படைப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சியை முழுவதுமாக முடித்து வெளியே வருபவருக்கே தோளில் ஒரு பட்டைதான் கிடைக்கும்; ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் நேரே படைத்தலைவர் நாற்காலியில் உட்காருவதை என் பிரிவில் இருந்த சார்ஜன்ட் பார்த்திருந்தால் திரையை நோக்கி ஏதாவது எறிந்திருப்பார். அதன் கேடு வெறும் சட்டதிட்டத்தோடு நிற்கவில்லை. பழைய கிர்க் படிப்படியாக உயர்ந்து வந்தவர் என்பதால்தான் அவருடைய தயக்கத்துக்கு எடை இருந்தது. புதிய கிர்க்குக்குத் தயங்கத் தேவையில்லை. கதையே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மெக்காய் கட்சி எழுதியது:

இந்த இழையில் மெக்காயை முழுமையாகப் பேசுவதற்கு ஒருவர் வேண்டும்.

பழைய தொடரின் முதுகெலும்பு மூவர்: ஸ்பாக் அறிவின் பக்கம், மெக்காய் மனத்தின் பக்கம், இருவருக்கும் நடுவில் முடிவெடுக்க வேண்டியவராகக் கிர்க். 2009 படம் மெக்காயின் அந்த இடத்தைக் கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரி உஹூராவுக்குக் கொடுத்தது. உஹூராவுக்கு வேலை கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பழைய தொடரில் உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழைப்புகளைத் திறந்துவிடுவதற்கு மேல் அதிகம் செய்ய விடப்படவில்லை என்பது பெருங்குறை. ஆனால் கொடுத்த வேலை என்ன? ஸ்பாக்கின் காதலி. கிர்க் எடுக்கப்போகும் முடிவை எதிர்த்து நிற்கும் மனச்சாட்சியின் குரலாக அவரை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கார்ல் அர்பன் மெக்காயாகவே மாறியிருந்தார் என்பதில், படத்தை வெறுத்தவர்களும் ஒன்றுபடுகிறார்கள். பேச்சின் இழுவை, புருவம், சலிப்பு எல்லாம் அச்சாக இருந்தன. அப்படி ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படங்களுக்கு ஊசி போடவும் நகைச்சுவை வசனம் சொல்லவும் மட்டும் பயன்படுத்தியதற்கு மன்னிப்பே கிடையாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஒளிச்சிதறல் பற்றிய பதிவுகள் நான்கை நீக்கியிருக்கிறேன். படத்தில் கண்ணைக் கூசும் ஒளிக்கீற்றுகள் அளவுக்கு மீறி இருந்தன என்பதை ஏப்ரம்ஸே பின்னர் ஒப்புக்கொண்டுவிட்டார். இயந்திர அறைக் காட்சிகள் ஒரு மதுபான ஆலையில் எடுக்கப்பட்டவை என்பதும் அனைவருக்கும் தெரியும். இரண்டையும் திரும்ப எழுத வேண்டாம். கேள்வியோடு இருங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர் எழுதியது:

மூத்தவர்கள் முதல் படத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மெய்யான கோபம் 2013இல் வந்த இரண்டாம் படத்தின் மீதுதான். அந்த ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ரசிகர் மாநாட்டில் கூடியவர்கள் எல்லா ஸ்டார் டிரெக் படங்களையும் வரிசைப்படுத்தியபோது, இதைக் கடைசி இடத்தில் வைத்தார்கள் என்பது செய்தியாகவே வந்தது. முதல் படத்துக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 38 கோடிக்கு மேல் வசூலித்து, ஒப்பனைக்காக ஆஸ்கர் விருதும் வாங்கியது. ஸ்டார் டிரெக்குக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். ஆக, ரசிகர்கள் மறுதொடக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டு, நான்கு ஆண்டு கழித்துத்தான் வெகுண்டார்கள். ஏன்?

கான் என்ற பாத்திரம் 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான பகுதியில் முதலில் வருகிறது. முழுப் பெயர் கான் நூனியன் சிங். உறைநிலையில் தூங்கும் அவரைப் பார்க்கும் கலத்தின் வரலாற்று அதிகாரி, வட இந்தியாவைச் சேர்ந்தவராக, அநேகமாகச் சீக்கியராக இருக்கலாம் என்கிறார். கதைப்படி அவர் 1990களில் உலகின் கால் பகுதிக்கு மேல் ஆண்டவர், மரபணுத் தேர்வால் உருவாக்கப்பட்ட மேன்மக்களில் ஒருவர். நடித்தவர் மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். தலைப்பாகையும் இல்லை, தாடியும் இல்லை. இங்கே சிராங்கூன் சாலையில் குருத்வாராவைக் கடந்து நடப்பவர்களுக்கு அது சீக்கியராகத் தெரியாது. குறைகள் இருந்தாலும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1967இல் ஆசியாவைச் சேர்ந்த ஒருவரை அறிவிலும் வலிமையிலும் கிர்க்கையே மிஞ்சுபவராகக் காட்டினார்கள். வெள்ளையரே மேன்மக்கள் என்ற இனவாதக் கனவைத் தலைகீழாகத் திருப்பிய பாத்திரம் அது.

2013இல் அதே பாத்திரத்தை பெனடிக்ட் கம்பர்பேட்சுக்குக் கொடுத்தார்கள். அவர் நல்ல நடிகர், அதில் ஐயமில்லை. ஆனால் மரபணு மேன்மை பெற்ற அந்த மனிதர் வெளிறிய ஆங்கிலேயராக வந்து நின்றபோது பாத்திரத்தின் பொருளே கவிழ்ந்துவிட்டது. வெளியீட்டுக்கு முன்பு பல மாதங்கள் அவர் கான் அல்லர் என்று சொல்லிச் சொல்லியே விளம்பரம் செய்தார்கள். வில்லனுக்கு ஜான் ஹாரிசன் என்று வேறு பெயர். படத்தின் நடுவில் அவர் தம் பெயரைச் சொல்லும்போது, பழைய தொடரைப் பார்த்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். பார்க்காதவர்களுக்கு அந்தப் பெயர் எதையும் குறிக்கவில்லை. என் அருகில் அமர்ந்திருந்த நண்பர் கீழே ஓடிய சீன வசன வரிகளில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "யார் அது?" என்று என்னிடமே கேட்டார். அந்தத் திருப்பம் யாருக்காக எழுதப்பட்டது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கு மேல், 1982ஆம் ஆண்டுப் படத்தில் ஸ்பாக் கதிர்வீச்சு அறைக்குள் சென்று கண்ணாடிக்கு அப்பால் இறக்கும் காட்சியை எடுத்து, கிர்க்கும் ஸ்பாக்கும் இடம் மாறி நிற்க, வரிக்கு வரி திரும்ப நடித்தார்கள். பழைய காட்சியில் அந்த இருவருக்கும் இடையில் பதினைந்து ஆண்டு நட்பு இருந்தது. புதியதில் அவர்கள் அறிமுகமாகி ஒரு படம்தான் ஆகியிருந்தது. கானின் இரத்தத்தைச் செலுத்திக் கிர்க்கைச் சில நிமிடங்களில் எழுப்பியும் விட்டார்கள்.

இதை வைத்துப் பார்த்தால், விண்கலவாசி ஐயா சொல்லும் விவாத அறையும் காரணம் இல்லை, பழைய நாடா ஐயா சொல்லும் பதவி உயர்வும் காரணம் இல்லை. முதல் படம், இது வேறு காலக்கோடு, இனி எதுவும் நடக்கலாம் என்று வாக்குக் கொடுத்தது. இரண்டாம் படம் அந்தச் சுதந்திரத்தை வாங்கிக்கொண்டு பழைய வீட்டுக்கே திருடப் போனது.

செங்காங் செல்வி எழுதியது:

கான் விஷயத்தில் புக்கிட் பாத்தோக் வாசகரோடு முழுமையாக உடன்படுகிறேன். மூத்த ரசிகர்களுக்கும் 2009இல் வந்த எங்களுக்கும் இடையில் இருந்த வேலி அந்தப் படத்தில்தான் இல்லாமல் போனது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இரு தரப்பும் ஒரே இரவில் ஒரே காரணத்துக்காகக் கோபப்பட்டோம்.

ஒரு சிறு குறிப்பு மட்டும். இந்திய முகம் ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் வந்ததே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். 1979ஆம் ஆண்டின் முதல் திரைப்படத்தில் தலையை முழுக்க மழித்துக்கொண்டு நடித்த பெர்சிஸ் கம்பாட்டா மும்பையைச் சேர்ந்தவர். அந்தப் படத்தில் நினைவில் நிற்கும் முகம் அவருடையதுதான். 34 ஆண்டுகள் கழித்து கான் நூனியன் சிங்காக நடிக்க ஓர் இந்தியரைத் தேட முடியவில்லை என்பது அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அறிவன் எழுதியது:

எல்லாரும் ஸ்டார் டிரெக்குக்குள்ளேயே நின்று விடை தேடுகிறீர்கள். அதே காலத்தில் நடந்த இன்னொரு மறுதொடக்கத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 1978இல் தொடங்கி ஒரே பருவத்தோடு நின்றுபோன தொடர். 2003 டிசம்பரில் ரொனால்ட் டி. மூர் அதைக் குறுந்தொடராக மறுபடி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்போடு ஒப்பிட்டால் ஏப்ரம்ஸுக்கு வந்ததெல்லாம் வரவேற்பு மாலை என்றே சொல்ல வேண்டும். சுருட்டுப் புகைக்கும் விமானி ஸ்டார்பக் பெண்ணாக்கப்பட்டார். இயந்திரப் பகைவர்கள் மனித உருவம் பெற்றார்கள். மூர் எந்த மாற்றுக் காலக்கோட்டையும் காட்டி யாரையும் சமாதானப்படுத்தவில்லை. பழையது பழையது, இது புதியது என்று நேராகவே செய்தார். பழைய ஸ்டார்பக்காக நடித்த டெர்க் பெனடிக்ட் அதைக் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். பழைய அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச், மூலக் கதையைத் தொடர வேண்டும் என்று தம் சொந்தச் செலவில் ஒரு முன்னோட்டப் படம் எடுத்து ஆண்டுக்கணக்கில் போராடியவர்.

ஆனால் அந்தத் தொடர் ஓட ஓட எதிர்ப்பு கரைந்தது. அந்த ஹேட்சே புதிய தொடரில் டாம் சாரெக் என்ற அரசியல் கைதியாக நடிக்க வந்தார். அது நன்றிக்காகக் கொடுத்த தலைகாட்டும் வேடமும் அன்று. தொடரின் முக்கியமான முரண்பாடுகளில் ஒன்று அவருடையது. ஒளிபரப்புத் துறையின் பீபாடி விருது அந்தத் தொடருக்குக் கிடைத்தது. 2009 மார்ச்சில், தொடர் முடியும் தறுவாயில், மனித உரிமையையும் பயங்கரவாதத்தையும் பற்றிப் பேச ஐக்கிய நாடுகள் தலைமையகத்திலேயே அதன் கலைஞர்களை அழைத்துக் கலந்துரையாடல் நடத்தினார்கள்.

மூர் அடிப்படையில் ஸ்டார் டிரெக் பட்டறையில் எழுதப் பழகியவர் என்பதையும் கவனிக்க வேண்டும். விண்கலவாசி தேடும் அந்த மேசை பேட்டில்ஸ்டாருக்குள் இருந்தது. சரணடைந்த பகைவரைச் சித்திரவதை செய்யலாமா, தேர்தலில் தோற்ற அரசாங்கம் வாக்குகளைத் திருடலாமா, படைத்தளபதி எப்போது மக்களாட்சிக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்று வாராவாரம் அவர்கள் அந்த மேசையில் அடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் மாற்றிய ஒருவரை ரசிகர்கள் ஏற்றார்கள். எதையும் அழிக்காமல் மரியாதை செய்தவரோடு இன்னும் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் இது விண்கலவாசியின் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது, அதைச் சொன்ன விதத்தை நான் ஏற்காவிட்டாலும்.

பழைய நாடா எழுதியது:

அறிவன் நல்ல எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தார். ஆனால் அது தொலைக்காட்சித் தொடர். என் வாதம் அப்படியே நிற்கிறது: நேரம் கொடுங்கள், மேசை தானே வரும்.

தெம்பனீஸ் தோழி எழுதியது:

நேரம் கொடுத்தும் சண்டை ஓயவில்லையே, ஐயா. 2017இல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சிக்குத் திரும்பியபோது கிளிங்கான்களின் முகத்தை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதற்காகவே பல மாதங்கள் இணையம் கொதித்தது. அடுத்த பருவத்தில் அவர்களுக்குத் தலைமுடி முளைத்தது.

அந்தத் தொடரின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை நான் மறக்க மாட்டேன். பாலைவனத்தில் இரண்டு பெண்கள் நடந்து வருகிறார்கள், அவர்களில் கலத்தின் தலைவர் மிஷெல் இயோ. ஈப்போவில் பிறந்தவர். அமெரிக்க உச்சரிப்பைப் பூசிக்கொள்ளாமல், நம் பக்கத்துக் கடைத்தெருவில் கேட்கும் அதே சாயலோடு விண்கலத் தலைவராகப் பேசினார். என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இந்தப் பெண் மலேசியாவாச்சே என்றார். இரண்டு பகுதிகளில் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது தனிச் சோகம், பிறகு வேறொரு பிரபஞ்சத்திலிருந்து கொடுங்கோல் பேரரசியாகத் திரும்பக் கொண்டுவந்தாலும்.

அதைவிட எனக்கு வலித்தது 2021 நவம்பரில் நடந்தது. நான்காம் பருவம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, அமெரிக்காவுக்கு வெளியே நாம் பார்த்துக்கொண்டிருந்த தளத்திலிருந்து தொடரை முழுமையாக எடுத்துவிட்டார்கள். உரிமையாளரின் சொந்தத் தளமோ அப்போது இங்கே இல்லை. உலகம் முழுவதும் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதுவரை அந்தத் தொடரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து கத்தியதை நான் பார்த்தேன். மறுதொடக்கம் நல்லதா கெட்டதா என்று இங்கே நாம் அழகாக வாதிடுகிறோம், ஆனால் பூமி முழுவதும் ஒன்றுபட்டுவிட்டதாகச் சொல்லும் கதையின் அடுத்த பகுதியைச் சிங்கப்பூரில் இருப்பவர் பார்க்கலாமா என்பதை யாரோ ஓர் அலுவலகத்தில் தீர்மானிக்கிறார்கள். ரசிகர் கோபத்தைப் பட்டியலிடும்போது இதையும் சேருங்கள்.

விண்கலவாசி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. முக்கியமானவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பழைய நாடா அவர்களுக்கு: 1982ஆம் ஆண்டுப் படத்தில் விவாத அறை இல்லை என்பதை ஏற்க மாட்டேன். உயிரற்ற கோளை ஒரே அடியில் உயிருள்ளதாக்கும் கருவியைப் பற்றிய பதிவை மூவரும் சேர்ந்து பார்த்துவிட்டு, ஏற்கெனவே உயிர்கள் இருக்கும் கோளில் அதை ஏவினால் என்ன ஆகும் என்று மெக்காய் வெடிப்பதும், ஸ்பாக் அமைதியாக மறுமொழி சொல்வதும், கிர்க் நடுவில் உட்கார்ந்திருப்பதும் அந்தப் படத்தில்தான் இருக்கின்றன. சில நிமிடங்கள்தான். ஆனால் கடைசியில் ஸ்பாக் கதிர்வீச்சு அறைக்குள் போவதற்குக் காரணமாக இருப்பது அதே கருவியின் வெடிப்பு. திரைப்படத்தில் இடமில்லை என்ற சமாதானம் அதனால் எனக்குப் போதவில்லை.

செல்விக்கு: நீரோவுக்கு உதவி தரும் காட்சியை நீங்கள் எடுத்துக்காட்டிய பிறகு நேற்றிரவு திரும்பப் பார்த்தேன். நன்றாக எழுதப்பட்ட இடம்தான். என் குறை, அங்கே மெக்காய் இல்லை என்பது. கடுமையாக நிற்கும் ஸ்பாக்கை எதிர்ப்பதற்கு அங்கே யாருமில்லை. நீரோவே உதவியை மறுத்துவிடுவதால் கிர்க் தம் இரக்கத்துக்கு விலை கொடுக்கவும் வேண்டியதில்லை. உடனே எல்லா ஆயுதங்களையும் ஏவச் சொல்கிறார், திரையரங்கம் கைதட்டுகிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு விடையைச் சுடும்படி விட்டுவிட்டார்கள். "நாங்கள்" என்பதில் நீங்களும் உண்டு, தங்கை. அதில் எனக்கு எப்போதும் ஐயம் இருந்ததில்லை.

புக்கிட் பாத்தோக் வாசகருக்கு: கான் பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

மெக்காய் கட்சி எழுதியது:

எவரும் 2016இல் வந்த மூன்றாம் படத்தைத் தொடவில்லையே. அதில் சைமன் பெக்கும் டக் ஜங்கும் எழுதிய திரைக்கதை, கலத்தை உடைத்துப் போட்டுவிட்டு மெக்காயையும் காயம்பட்ட ஸ்பாக்கையும் ஒன்றாக ஒரு கோளில் தள்ளிவிடுகிறது. வயிற்றில் குத்தியிருக்கும் உலோகத் துண்டை இழுத்துச் சூடு போட்டு இரத்தத்தை நிறுத்தியபடியே இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சில காட்சிகளில் பழைய தொடர் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. விண்கலவாசி கேட்ட மேசை கிடைக்கவில்லை, ஆனால் மேசைக்கு இரு பக்கமும் உட்கார வேண்டியவர்கள் கிடைத்தார்கள்.

அதுதான் மூன்றில் குறைவாக வசூலித்த படம் என்பதையும், அதற்குப் பிறகு நான்காவது படம் அறிவிக்கப்படுவதும் கைவிடப்படுவதுமாகவே ஆண்டுகள் ஓடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நாம் கேட்டதைக் கொடுத்தபோது போய்ப் பார்க்காதவர்கள் நாமும்தான்.

செங்காங் செல்வி எழுதியது:

நான் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். வேறு யாரையாவது குற்றம் சாட்டுங்கள்.

பழைய நாடா எழுதியது:

மூன்றாம் படத்தை இன்னும் பார்க்கவில்லை. முதல் இரண்டோடு நிறுத்திவிட்டேன். மெக்காய் கட்சி இவ்வளவு சொல்லும்போது, வரும் வார இறுதியில் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அதுவரை மட்டுறுத்துநர் இழையை மூட வேண்டாம்.